புள்ளிகள் மைல்கல்லில் இருந்த ஆறு நாள்

என் மனைவி செய்யிது மீராள் மவுத்தாகி முப்பத்து மூன்றாம் நாள், ஒரு வியாழக்கிழமை, அஸர் தொழுகை முடிந்து ஆண்கள் பள்ளிவாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் கரைமேல்பட்டினத்தில் இருந்த அத்தனை குர்ஆன் பிரதிகளிலிருந்தும் புள்ளிகள் இறங்கிப் போய்விட்டன. பட்டுத்துணி சுற்றி அலமாரி மேல்தட்டில் வைத்திருந்த பிரதிகளிலிருந்தும், மரத்தாங்கியில் விரித்தபடி விட்டுவந்த பிரதிகளிலிருந்தும், ஹஜ்ஜுக்குக் கப்பலில் போனவர்கள் கொண்டுவந்து யாரையும் தொடவிடாமல் பூட்டி வைத்திருந்த தங்க விளிம்புப் பிரதிகளிலிருந்தும், புள்ளியும், மேல்கோடும், கீழ்கோடும், நீட்டல் குறியும், நிறுத்தல் குறியுமாக எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இருந்த அத்தனையும் இறங்கி, சுவர் வழியாகத் தரைக்கு வந்து, வாசல்படி தாண்டி, தெருவில் வரிசை பிடித்துக் கிழக்கே போயின. எழுத்துகள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றன.

அவை அவசரப்படவில்லை. பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழிவிட்டார்கள், கோழிகள் கொத்தவில்லை, ஐந்து மணி பஸ் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்று ஹாரன் அடிக்காமல் காத்திருந்தது. ஊர் எல்லையில், உப்பாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், வெள்ளையடித்த மைல்கல் ஒன்று உண்டு. அதன்மேல் ஏறி ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக உட்கார்ந்து, இடம் போதாமல் கல்லின் பின்புறத்திலும், அடிமண்ணிலும், பாலத்துக் கைப்பிடிச் சுவரிலும் உட்கார்ந்துகொண்டன. தூத்துக்குடிக்கு எத்தனை மைல் என்பது அன்றிலிருந்து தெரியாமல் போயிற்று. அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து ஊரைவிட்டுப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரே மனிதர் யார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அரபி ஓதத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். சின்னப் பல் மாதிரி ஒரு கோடு இருக்கும். அதன் கீழே ஒரு புள்ளி வைத்தால் ஓர் எழுத்து, மேலே ஒரு புள்ளி வைத்தால் வேறு எழுத்து, மேலே இரண்டு வைத்தால் இன்னொன்று, கீழே இரண்டு வைத்தால் அதற்கும் வேறொன்று. புள்ளி போய்விட்டால் நாலும் ஒரே கோடுதான். வாயைத் திறந்து ஓதுவதா, குவித்து ஓதுவதா என்று காட்டுகிற குறிகளும் போய்விட்டால், ஏற்கெனவே மனப்பாடமாக வாயில் இருப்பவன் ஓதிக்கொள்ளலாம். இல்லாதவன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நான் இல்லாதவன். அன்று ஊரே அவரவர் பிரதியை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் விரித்தது ஒரே ஒரு மெல்லிய புத்தகம், எங்கள் வீட்டுப் பன்னிரண்டாம் ஜுஸ்வு.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வேதத்தின் முப்பது பாகங்களும் முப்பது ஜுஸ்வுகளாக, முப்பது பழைய வீடுகளுக்கு வீட்டுக்கொன்றாகப் பங்கு. யாராவது மவுத்தானால் நாற்பதாம் நாள் முப்பது வீட்டாரும் கூடி, ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் ஜுஸ்வை ஓத, முழு வேதமும் ஒரே இருப்பில் முடியும். அதற்குக் கத்தம் என்று பெயர். வீட்டில் பிறந்த ஆண் மனப்பாடமாக ஓதுவார். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்து புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, வரியை விரலால் தொட்டபடி கூடவே போவார். வாய் தவறினால் விரலால் புத்தகத்தில் ஒரு தட்டு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார், ஆகவே எந்த வீட்டிலும் ஒரு வாய்க்கும் ஒரு விரலுக்கும் பஞ்சம் வருவது அபூர்வம். எங்கள் வீட்டில், அதாவது மீராள் பிறந்த வீட்டில், வாய் அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், முகம்மது உவைஸ், விரல் நான்.

உவைஸ் மச்சான் கப்பலில் பண்டாரி, அதாவது சமையல்காரர். ஒரு தடவை சூடான் கரையில் கப்பல் பழுதாகி நின்றபோது, கூட வந்தவர்கள் வேறு கப்பல் பிடித்துத் திரும்ப, அவர் மட்டும் அங்கேயே ஆறு வருஷம் இருந்துவிட்டார்; அந்த ஊர்ப் பள்ளியில் ஒரு ஆலிம் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்த மக்கள் ஓதுகிற முறையில் வேதத்தை வாயிலிருந்து வாய்க்கு வாங்கிக்கொண்டு வந்தார். அந்த முறையில், நாங்கள் நீட்டுகிற சில இடங்களில் அவர்கள் நீட்டமாட்டார்கள், நாங்கள் வாயை அகலத் திறக்கிற சில இடங்களில் அவர்கள் லேசாகச் சாய்த்து ஓதுவார்கள், எங்கேயோ ஓரிடத்தில் எங்களுக்கு மேலே இருக்கிற புள்ளி அவர்களுக்குக் கீழே இருக்கும். பொருள் கெட்டுப்போவதில்லை. அவர் திரும்பி வந்த புதிதில், கூடத்தில் உட்கார்ந்து அவர் ஓத, மீராள் கையில் மாவோடு கதவோரம் நின்று கேட்பாள். “தண்ணி ஓடுற மாதிரி ஓதுறாஹ காக்கா” என்று என்னிடம் சொன்னாள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் மார்க்கத்தைக் காரணம் காட்டியிருப்பேன். இப்போது உள்ளதைச் சொல்கிறேன்: ஆறு வருஷம் அந்த வீட்டில் நான் ஒருவனே ஆணாக இருந்து சோறு தின்று பழகியிருந்தேன், அவர் வந்தது எனக்கு இடைஞ்சலாக இருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன், நாலாம் வீட்டுக் கத்தத்தில், அவர் கண்ணை மூடி ஓத, நான் எதிரே உட்கார்ந்து புத்தகம் பிடித்தேன். ஓரிடத்தில் தட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார். மறுபடி தட்டினேன், மூன்றாம் முறையும் தட்டினேன். கண்ணைத் திறந்து, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில், “மச்சான், இதுவும் உள்ளதுதான். எனக்கு ஓதிக் குடுத்தவருக்கு ஓதிக் குடுத்தவர்னு மேலே வரைக்கும் போவுது” என்றார். நான் புத்தகத்தை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயரத் தூக்கி, விரலை அந்த இடத்தில் வைத்து, “புள்ளி இங்கே இருக்குது. நீங்க ஓதுறது இதிலே இல்லை. வேதத்தையே மாத்துறீங்க” என்றேன். இருபத்தொன்பது வாயும் நின்றன. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குள் ஜமாஅத் கூடி, புத்தகத்தில் உள்ளபடி ஓதி எல்லார் முன்னாலும் தவ்பா செய்து பிழை பொறுக்கக் கேட்க வேண்டும், இல்லையென்றால் அந்த வீட்டு ஜுஸ்வைத் தொடக் கூடாது, எந்தச் சபையிலும் உட்காரக் கூடாது என்று சொல்லிற்று. அவர் வாதாடவில்லை. பன்னிரண்டாம் ஜுஸ்வை எங்கள் மாமியாருடைய பழைய பச்சைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸுக்கு, தகரப் பெட்டியோடு அந்த மைல்கல்லில் போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வாயும் நான்தான், விரலும் நான்தான். எனக்கு மனப்பாடம் கிடையாது. புள்ளியைப் பார்த்து ஓதினேன், என்னைத் தட்ட எதிரே யாரும் இல்லை. உடன்பிறந்தவனைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்த அண்ணன்மார் கதை வருகிற பாகம் அது. பதினோரு வருஷம் அதைக் கண்ணால் ஓதினேன், ஒரு தடவைகூட எனக்கு உறைக்கவில்லை.

மீராள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் எங்கள் அடுப்படி முற்றத்துக்கு அந்தப் பக்கம். நான் கடையிலிருந்து வந்து முற்றத்தில் கால் வைக்கும்போது, உள்ளே அவள் தேங்காய் துருவிக்கொண்டே அந்த ஜுஸ்வைத் தன் காக்கா ஓதுகிற மாதிரியே சாய்த்துச் சாய்த்து ஓதுவது கேட்கும். என் செருப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிடுவாள். துருவுகிற சத்தம் மட்டும் வரும். நான் கேட்காத மாதிரி வந்து உட்கார்ந்து சாப்பிடுவேன். கடைசிப் படுக்கையில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “என் நாப்பதுக்கு முப்பதும் ஓதணும். பன்னிரண்டாவதைக் காக்கா ஓதணும். கூட்டிட்டு வருவீங்களா?” நான் தலையாட்டினேன். எங்கள் மகள் மிஸ்ரியா, உம்மா மவுத்தான அன்றே, “மாமாவுக்குச் சொல்லியாச்சா வாப்பா?” என்று கேட்டாள். சொல்லி விட்டிருக்கிறேன் என்றேன். சொல்லவில்லை. நாற்பதாம் நாள் நானே புத்தகத்தைப் பார்த்து ஓதிவிடலாம், மவுத்தானவள் வந்தா கேட்கப் போகிறாள் என்று நினைத்திருந்தேன். அப்போதுதான் புள்ளிகள் போயின.

ஊர் அதை ஒரே நாளில் பழகிக்கொண்டது. மற்ற இருபத்தொன்பது வீட்டாரும் மொட்டை எழுத்தை விரித்து, பயந்து பயந்து வாயைத் திறந்தால், தலைமுறை தலைமுறையாக ஓதிய ஜுஸ்வு வாயில் தானாக வந்தது. புத்தகம் பிடிக்கிற மாப்பிள்ளைமாருக்குத்தான் வேலை போயிற்று. எதைப் பார்த்துத் தட்டுவது என்று தெரியாமல், நாலு நாள் எல்லாரும் மாமியார் வீட்டில் மிகுந்த அடக்கத்தோடு இருந்தார்கள். புத்தகக் கடை அபுல் பரக்காத் மதுரையிலிருந்து ஒரு கட்டுப் புதுப் பிரதிகள் வரவழைத்தார்; பஸ் பாலம் தாண்டும்போது கட்டுக்குள்ளிருந்து புள்ளிகள் புறப்பட்டுப் பின்படிக்கட்டில் வரிசையாக நிற்க, கண்டக்டர் விசில் கொடுத்து பஸ்ஸை நிறுத்தி, “எறங்குறவங்க எல்லாம் எறங்கியாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் ரைட் சொன்னார். பெண்களுக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லை. அவர்கள் அடுப்படியில் யாசீன் ஓதிக்கொண்டே மீன் அரிந்தார்கள், எந்தப் புத்தகத்தையும் தேடவில்லை. சாயங்காலங்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாலம்வரை நடந்துபோய், மைல்கல்லைக் காட்டி, தொடாதே, தூங்குது என்று சொல்லிக் கூட்டிவந்தார்கள்.

இன்னொன்றும் நடந்தது. எதிரே தட்டுகிற விரல் இல்லாததால், பதினேழாம் வீட்டுக்காரர் தன் ஜுஸ்வில் ஒரு சொல்லைப் பார்த்துப் பார்த்து, “இந்த எழுத்து இப்படியும் ஒரு ஓதலுக்கு இடம் குடுக்கும் போலயே” என்றார். இருபத்திரண்டாம் வீட்டுக்காரர் குனிந்து பார்த்து, ஆமாம் என்றார். பதினோரு வருஷத்துக்கு முன் ஜமாஅத்தில் எல்லாரையும்விட உரக்கக் கத்தியவர்கள் அவர்கள் இருவரும். சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து போனார்கள்.

புள்ளிகள் போன மறுநாள் வெள்ளிக்கிழமை, கலந்தர் லெப்பை ஆலிம், எங்கள் பள்ளியின் இமாம், மிம்பர் மேடைமேல் நின்று பயானில் இதைத்தான் பேசினார். பயப்படாதீர்கள், முதலில் எழுதியவர்கள் இப்படித்தான் எழுதினார்கள் என்றார். தோலிலும், ஒட்டகத் தோள் எலும்பிலும், பேரீச்ச மட்டையிலும் எழுதிவைத்ததைப் பிறகு ஒன்றாகச் சேர்த்து, பல ஊர்களுக்கு நகல் எடுத்து அனுப்பியபோதும் அதில் புள்ளி கிடையாது, குறி கிடையாது. ஆகவே நகலை மட்டும் அனுப்பவில்லை, ஒவ்வொரு நகலோடும் ஓதத் தெரிந்த ஒரு மனிதரையும் கூட அனுப்பினார்கள் என்றார். காலம் போகப் போக அரபி பேசாத மக்கள் மார்க்கத்துக்கு வந்து, நம் முன்னோர் மாதிரி வாய் தடுமாறியபோது, பஸ்ராவில் ஒருவர் எழுதுபவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் வாயைத் திறந்தால் எழுத்துக்கு மேலே ஒரு புள்ளி வை, தாழ்த்தினால் கீழே வை, குவித்தால் பக்கத்தில் வை என்று சொல்லி, ஒரு முழு வேதத்தையும் தன் வாயைப் பார்த்தே குறிக்கவைத்தார் என்று சொல்வார்கள். அதையும் வேதத்தோடு கலந்துவிடாதபடி வேறு நிற மையில் வைத்தார்கள் என்றார். “போனது வேதம் இல்லை. அது ஒரு எழுத்துக்கூடக் குறையாம அப்படியே இருக்குது. தடுமாறுறவன் மேலே இரக்கப்பட்டு வச்சாங்களே, அதுதான் நம்மைவிட்டுப் போயிருக்குது” என்று சொல்லி, கீழே இறங்கிவிட்டார்.

தொழுகை முடிந்து, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்கிற தொட்டிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார். “சதக்கு, உவைஸ் ஓதினது சரியான ஓதல்தான். எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றார்.

“தெரிஞ்சும் ஏன் ஹஜ்ரத் ஒண்ணும் சொல்லலை?”

“சொன்னா ஊர் ரெண்டாப் போயிடும்னு பயந்தேன். ஒரு ஆள்தானே போறாருன்னு விட்டுட்டேன்.” தொட்டித் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டே நின்றார். “நமக்கு கிதாபும் வந்துச்சு, ஓதுற ஆளும் வந்தாரு. நாம கிதாபை வச்சிக்கிட்டு ஆளை அனுப்பிட்டோம்.”

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. என்மேல் வர வேண்டிய கோபம் அது; வசதியாக அவர்மேல் வந்தது. வீட்டுக்குப் போய் மிஸ்ரியாவிடம், வெளியூரிலிருந்து முழு வேதமும் மனனம் செய்த ஒரு ஹாபிழைக் கூட்டிவந்து பன்னிரண்டாவதை ஓதவைத்துவிடலாம் என்றேன். அவள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

“உம்மா கேட்டது ஹாபிழை இல்லை வாப்பா. மாமாவைக் கேட்டாஹ.”

“அவர் வரணுமே, பிள்ளே.”

“சொல்லி விட்டேன்னியளே. சொல்லி விட்டிருந்தா மாமா வராம இருப்பாஹளா?” என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. முறத்தை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “போயிட்டு வாங்கோ” என்றாள். அடுத்த நாலு நாளுக்கு என்னோடு அவள் பேசிய கடைசி வார்த்தை அதுதான். அந்த நாலு நாளில் மூன்றை நான் போகாமலே கழித்தேன், அதையும் மறைக்க விரும்பவில்லை.

மவுத்தாகி முப்பத்தெட்டாம் நாள், பச்சைத் துணியில் சுற்றிய ஜுஸ்வைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் தெற்கே ஓர் உப்பளத்தில், பாத்தியில் வேலை செய்கிறவர்களுக்குச் சோறு ஆக்கிப் போடுகிறார் என்பது ஊருக்கே தெரியும். நடு மத்தியானம் போய் இறங்கினேன். கண் கூசுகிற வெள்ளைக்கு நடுவில் ஓலைக் கொட்டகை, பெரிய அடுப்பு, குழம்புக் கரண்டியோடு உவைஸ் மச்சான். தாடி முழுக்க நரைத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்கத் தொடங்கியவர், கக்கத்தில் இருந்த பச்சைத் துணியைப் பார்த்துவிட்டார். கரண்டி நின்றது.

“மீராளா?” என்றார்.

நான் தலையாட்டினேன்.

“எப்போ?”

“இன்னியோட முப்பத்தெட்டு நாள்.”

அவர் என்னைத் திட்டவில்லை. மறுபடி குழம்பைக் கிளறினார். பிறகு, பசியோடு வந்து உட்கார்ந்த அத்தனை பேருக்கும் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, மறுசோறு கேட்டவர்களுக்கு மறுசோறு போட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் சட்டையை மாட்டினார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டே கேள்வி கேட்டார். கடைசியில் வலி இருந்ததா என்று ஒன்று. சோறு இறங்கிற்றா என்று ஒன்று. வலி இருந்தது, சோறு இறங்கவில்லை என்று சொன்னேன்.

பாலத்தில் இறங்கினோம். மைல்கல்லைப் பார்த்து, “இது என்னா மச்சான்?” என்றார். புள்ளிகள் என்றேன். “ஓ” என்று சொல்லிவிட்டு, பதினோரு வருஷத்துக்கு முன் உட்கார்ந்த அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினார். அவர் நடக்க, கல்லிலிருந்தும் சுவரிலிருந்தும் மண்ணிலிருந்தும் அவை எழுந்து அவர் பின்னால் நடந்தன. தெரு முழுக்க ஆட்கள் வாசலில் நின்றார்கள். பதினேழாம் வீட்டுக்காரர் முன்னே வந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, சலாம் மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கினார். புள்ளிகள் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஏறி, கூரை விளிம்புவரை நிறைந்து, அசையாமல் இருந்தன. தூத்துக்குடி முப்பத்தோரு மைல் என்று மறுபடி தெரிய ஆரம்பித்தது.

நாற்பதாம் நாள் காலை, சுபுஹு தொழுகைக்குப் பிறகு முப்பது வீட்டாரும் எங்கள் கூடத்திலும் முற்றத்திலும் வந்து உட்கார்ந்தார்கள். திரைக்குப் பின்னால் பெண்கள். ஒவ்வொரு வீட்டு வாயும் தன் ஜுஸ்வை ஓத, இருபத்தொன்பது குரல்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கி, வெயில் முற்றத்துக்கு வரும்போது ஒவ்வொன்றாக அடங்கின. பன்னிரண்டாவதை மட்டும் எல்லாரும் கேட்கத் தனியாக வைத்திருந்தோம். அப்படிச் செய்யச் சொன்னது இமாம், யாரும் மறுக்கவில்லை. அதுதான் நாங்கள் உவைஸ் மச்சானிடம் மன்னிப்புக் கேட்கிற முறை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, வாயால் கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. நான் வீட்டு மாப்பிள்ளை என்பதால் எதிரே உட்கார்ந்து மொட்டைப் புத்தகத்தைப் பிடித்தேன். விரலை முதல் வரியில் வைத்தேன். தண்ணீர் ஓடுவதைக் கேட்கக் காத்திருந்தேன். இந்தத் தடவை எங்கேயும் தட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அவர் கண்ணை மூடி ஓதத் தொடங்கினார். குரல் பழைய குரல்தான். ஆனால் நாங்கள் நீட்டுகிற இடத்தில் நீட்டினார். நாங்கள் வாயை அகலத் திறக்கிற இடத்தில் அகலத் திறந்தார். ஒவ்வொரு சொல்லாக அவர் ஓத ஓத, சுவரிலிருந்து புள்ளிகள் இறங்கி வந்து, என் மடியில் ஏறி, புத்தகத்தில் ஏறி, என் விரலுக்கு முன்னால் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தன. இரண்டு பக்கம் தாண்டிற்று. திரைக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம் வந்து நின்றது; அது மிஸ்ரியா என்று எனக்குத் தெரியும், சின்னப் பிள்ளையில் அவர் மடியில் உட்கார்ந்து கேட்டவள் அவள்.

நான் அன்று தட்டிய இடம் வந்தது. அவராகவே நின்றார். கண்ணைத் திறந்து, அறுபது வயதை நெருங்குகிற மனிதர், பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி என் விரலைப் பார்த்தார். “இங்கேதானே மச்சான்?” என்று கேட்டு, அந்தச் சொல்லை என் விரல் அன்று சொன்னபடியே ஓதினார். சந்தேகம் வேண்டாம் என்று இன்னொரு தடவையும் ஓதினார்.

“மச்சான்” என்றேன். “உங்க ஓதலிலேயே ஓதுங்கோ. அதைக் கேட்கத்தான் எல்லாரும் உக்காந்திருக்கிறோம். மீராளும் அதைத்தான் கேட்டா.”

அவர் எங்கள் எல்லாரையும் பார்த்தார். இமாமைப் பார்த்தார். இமாம் கையெடுத்து, ஓதுங்கள் என்று ஜாடை காட்டினார். உவைஸ் மச்சான் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. ஒரு பக்கம் தலையைச் சாய்த்து, எங்கேயோ வைத்துவிட்ட பொருளைத் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் இருந்தார். நெற்றியில் வியர்த்துவிட்டது. மறுபடி திறந்தார். வந்தது எங்கள் ஓதல்தான்.

“வரலை மச்சான்” என்றார். “போன முதல் வருஷமே நம்ம ஊர்லே ஓதுற மாதிரி அச்சுப் புத்தகம் ஒண்ணு வாங்கி அடுப்புக்குப் பக்கத்திலே வச்சிக்கிட்டேன். சோறு வேகுற நேரமெல்லாம் விரலை வச்சு விரலை வச்சு வாயைத் திருத்தினேன். லேசிலே போவலை, ஏழெட்டு வருஷம் ஆச்சு. நீங்க என்னிக்காவது கூப்பிடுவீங்கள்ல, கூப்பிடுற அன்னிக்கு ஒரு தப்பு வந்துடக் கூடாதேன்னு.” அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. “இப்போ பாருங்கோ, ஒரு இடத்திலேயும் நீங்க தட்ட வேண்டியிருக்காது.”

அவர் கண்ணை மூடி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஓதினார். நான் விரலை நகர்த்திக்கொண்டே போனேன். வேண்டாம், அங்கே உட்காராதே என்று ஒவ்வொரு புள்ளியையும் மனசுக்குள் கெஞ்சினேன். ஒவ்வொன்றும் நேராக வந்து, நான் ஒரு காலத்தில் ஊருக்குத் தூக்கிக் காட்டிய அதே இடத்தில் உட்கார்ந்தது. கடைசி வரி முடிந்தபோது கூடத்துச் சுவரில் மிச்சம் இருந்த புள்ளிகள் எல்லாம் இறங்கி, வாசல்படி தாண்டி, அவரவர் வீட்டுக்கு, அவரவர் பிரதிக்குத் திரும்பிப் போயின. அவர் ஓரிடத்திலும் தவறவில்லை.

கத்தம் முடிந்தது. துஆ ஓதினார்கள், இமாம் விக்கி விக்கி அழுதார், நெய்ச்சோறு பரிமாறினார்கள், பதினேழாம் வீட்டுக்காரர் உவைஸ் மச்சானைக் கட்டிப்பிடித்து இனி எங்கேயும் போகக் கூடாது என்றார். அவரும் சரி என்றார். மிஸ்ரியா மாமாவுக்குத் தன் கையால் சோறு வைத்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. கேட்டவள் கேட்டபடி முப்பதும் ஓதியாயிற்று.

சாப்பிட்டவர்கள் எல்லாரும் போன பிறகு நான் முற்றத்துக்கு வந்தேன். அந்த ஓதல் இருந்தது கடலுக்கு இந்தப் பக்கம் இரண்டே இடம், எனக்குத் தெரிந்த அளவில்: அவர் வாயில் ஒன்று, எதிரே இருக்கிற அந்த அடுப்படியில் ஒன்று. உள்ளே யாரும் இல்லை. துருவிப்பலகை சுவரோரம் சாய்ந்திருந்தது. சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவாள் என்று, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, முற்றத்தைத் தாண்டிப் போய், கதவோரம் நின்றேன்.